ஜான்சன் ஏமாளியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் வாழ்ந்த டெத் வேலி ஸ்காட்டி பற்றி எழுதியிருந்தீர்கள். இல்லாத தங்கச் சுரங்கத்தைச் சொல்லிச் சொல்லியே பணம் கறந்தவனை, சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திய ஆல்பர்ட் ஜான்சன் சாகும்வரை ஆதரித்தார் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய ஏமாளியா அவர்? நம்ப முடியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆரம்பத்தில் ஏமாந்தார். 1906க்குப் பிறகும் ஏமாந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், வின்கேட் கணவாயில் அவரும் இருந்தார்.

சுரங்கத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று பணம் போட்டவர்கள் நெருக்கியதால், ஸ்காட்டி ஒரு குழுவைப் பாலைவனத்துக்குள் கூட்டிப்போனான். கணவாயில் கொள்ளையர் சுடுவதுபோல முன்னாலேயே ஆள் ஏற்பாடு செய்திருந்தான். பயந்துபோய்த் திரும்பிவிடுவார்கள் என்று கணக்கு. குண்டு பாய்ந்ததோ அவனுடைய சொந்தச் சகோதரன் வார்னர் மேல். பதற்றத்தில், சுடுவதை நிறுத்தச் சொல்லி ஒளிந்திருந்தவர்களைப் பார்த்துக் கத்திவிட்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கௌபாய் சாகசங்களை நடித்துக்காட்டிய பஃபலோ பில்லின் வைல்ட் வெஸ்ட் காட்சியில் பல வருடம் குதிரை ஓட்டியவன், வசனத்தில் கோட்டை விட்டுவிட்டான்.

ஆனாலும் ஜான்சன் திரும்பத் திரும்ப அங்கே போனார். 1899இல் ஒரு ரயில் விபத்தில் தந்தையை இழந்து, தானும் முதுகு உடைந்து பிழைத்தவர் அவர். அந்த வறண்ட காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டது. ஸ்காட்டியின் பேச்சும் பிடித்துப்போனது. சிரிப்பாலேயே கடனை அடைத்துவிட்டான் என்பாராம்.

1922இல் டெத் வேலியின் கிரேப்வைன் கேன்யன் பள்ளத்தாக்கில் ஒரு மாளிகை எழும்பத் தொடங்கியது. காசு முழுக்க ஜான்சனுடையது. ஸ்காட்டியோ, எல்லாம் என் சுரங்கத் தங்கம் என்று ஊரெல்லாம் சொன்னான். நிருபர்கள் கேட்டால், நான் அவருடைய பேங்கர் மட்டுமே என்று ஜான்சனும் ஒத்து ஊதினார். கணக்குவழக்கில் கறாரான, பக்தியுள்ள மனிதர் இதை எத்தனை ரசித்துச் செய்திருக்க வேண்டும்!

முப்பதுகளில் கம்பெனி நொடித்தது. மாளிகை வேலை பாதியில் நின்றது. அப்போது கட்டணம் கொடுத்து வீட்டைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஸ்காட்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள். அந்த வகையில், போட்ட பணத்துக்குக் கொஞ்சம் வட்டி வந்தது என்றே சொல்லலாம். ஜான்சன் 1948இல் இறந்தார். அதன் பிறகும் ஸ்காட்டியின் பராமரிப்புக்கு வழி செய்துவைத்திருந்தார். 1954இல் போனவனை மாளிகைக்கு மேலே உள்ள குன்றில் புதைத்தார்கள்.

ஏமாளி என்ற பட்டம் கொடுத்தே ஆகவேண்டுமானால் நியூயார்க் பேங்கர் ஜூலியன் ஜெரார்டுக்குக் கொடுங்கள். சுரங்கத்தில் பங்கு என்று நம்பி ஆரம்பத்திலேயே ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 1940இல் வழக்குப் போட்டார். மாளிகை ஜான்சனுடையது, தங்கம் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் கோர்ட்டில் வெளியே வந்தது.