பக்கத்து வீட்டுக்கு வந்த தடைக்காலப் பணம் எங்களுக்கு ஏன் வரவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் கணவர் சோளியக்குடியில் விசைப்படகுக்குக் கூலியாகப் போகிறார், மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணமான 8,000 ரூபாய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஏறிவிட்டது, உங்களுக்கு மட்டும் ஏறவில்லை, மீனவர் கூட்டுறவு சங்கத்தில் கேட்டால் "வரும், பொறுங்கள்" என்கிறார்கள், இதற்கு மேல்முறையீடு உண்டா, உண்டென்றால் யாரிடம் செய்வது?

நான் தங்கச்சிமடத்துக்காரி. என் அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் விசைப்படகில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டுக்கும் ஒரு வருடம் இந்தப் பணம் வராமல் நின்றது. அதை வாங்குவதற்கு ஏழு மாதம் அலைந்தோம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பலருக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான் அறிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொழிலாளர்களுக்கான ஈஎஸ்ஐ காப்பீட்டில் தகராறு வந்தால் போவதற்கென்று தனியாக ஒரு நீதிமன்றம் இருக்கிறது. மீனவர் நிவாரணத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே "மேல்முறையீடு" என்ற சொல்லை நம்பி நேராக மேலிடத்துக்குப் போனால், மனு அங்கிருந்து இறங்கி, நீங்கள் முதலில் கேட்ட அதே மேசைக்கே வந்து சேரும். அதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உங்கள் பெயர் பட்டியலிலேயே ஏறவில்லையா, ஏறிய பெயரைச் சரிபார்ப்பில் நீக்கிவிட்டார்களா, அல்லது பெயர் இருந்து, பணமும் அனுப்பப்பட்டு, வங்கியிலிருந்து திரும்பிவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வங்கிப் புத்தகத்தில் வரவு இருக்காது, அவ்வளவுதான். ஆனால் மூன்றுக்கும் போகவேண்டிய இடம் வேறு வேறு. "பொறுங்கள்" என்ற பதில் இந்த மூன்றில் எதையும் உங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது மூன்றாவது வகை. சங்கத்தில் இருந்த பட்டியலில் அப்பாவின் பெயருக்கு நேராகப் பணம் அனுப்பப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. வங்கியிலோ, அப்படி எதுவும் வரவில்லை என்று புத்தகத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்பது எங்களுக்குப் புரிவதற்கே நான்கு மாதம் ஆனது. 2020-இல் பல பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதையும், அதற்குப் பிறகு கிளைகளை அடையாளம் காட்டும் ஐஎப்எஸ்சி குறியீடுகள் மாறியதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அப்பா சங்கத்தில் கொடுத்திருந்தது இணைப்புக்கு முந்தைய பழைய புத்தகத்தின் நகல். அதிலிருந்த குறியீட்டைத்தான் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அந்தக் குறியீடு செல்லாததாகிவிட்டதால் பணம் போன வேகத்திலேயே அனுப்பியவரிடம் திரும்பிவிட்டது. இப்படித் திரும்பும் பணம் உங்கள் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூடப் பதிவாகாது. அனுப்பிய அலுவலகத்தின் கணக்கில்தான் பதிவாகும். அதனால் வங்கியில் எத்தனை முறை கேட்டாலும் பயன் இல்லை. அலுவலகத்தில், "எங்கள் பெயருக்கு அனுப்பிய பணம் திரும்பியிருக்கிறதா, திரும்பியிருந்தால் என்ன காரணம் பதிவாகியிருக்கிறது" என்று கேட்க வேண்டும்.

உங்கள் புத்தகத்தை இப்போதே எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். ஐஎப்எஸ்சி என்பது பதினோரு எழுத்து. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். மீதி ஆறும் கிளையைக் குறிப்பவை. அந்தப் பூஜ்யத்தை ஆங்கில எழுத்தான ஓ என்று நினைத்துக் கையால் எழுதிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு எண்ணையும் குறியீட்டையும் வாயால் சொல்லாதீர்கள், கையாலும் எழுதாதீர்கள்; அண்மையில் வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள்.

இதே வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு உதவிகள் சில கணக்கு எண்ணுக்குப் போகும், சில ஆதார் எண்ணுக்குப் போகும். உங்கள் பணத்தை எந்த வழியில் அனுப்பினார்கள் என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். ஆதார் வழி என்றால், ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் பணம் பெறும் கணக்காகப் பதிவில் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் அதற்குச் சம்மதம் கொடுத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். "எல்லா வங்கியிலும் ஆதார் கொடுத்திருக்கிறேன்" என்று நாம் சொல்வது வேறு, இந்தப் பதிவு வேறு. எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு ஓர் உதவித்தொகை வரவில்லை என்று அலைந்தபோது, அது நூறு நாள் வேலைக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கில் சேர்ந்து கிடந்தது. ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைப் பதிந்து உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் வங்கியின் பெயர் தெரியும். இ-சேவை மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள். மாற்ற வேண்டுமென்றால், எந்தக் கணக்குக்கு வர வேண்டுமோ அந்த வங்கிக்குப் போய், நேரடி உதவிகள் இங்கே வர வேண்டும் என்று படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்கள் எழுதிக் கொடுத்தும் வங்கி முப்பது நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

இனி, பெயரே ஏறாத வகை. உங்கள் நிலை இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். திருமணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிவாரணம் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. குடும்பம் எது என்பதைக் குடும்ப அட்டைதான் தீர்மானிக்கிறது. உங்கள் கணவரின் பெயர் இன்னும் மாமனார் வீட்டு அட்டையில் இருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு முறை ஏறிய பணத்தோடு கணக்கு முடிந்துவிடும். அட்டையைப் பிரித்து வாங்கியிருந்தாலும் சங்கத்துப் பதிவேட்டில் புதிய அட்டை எண் தானாக ஏறாது. நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் அண்ணன் தனிக்குடித்தனம் போன வருடத்தில் அண்ணிக்கு நடந்தது இதுதான். அட்டை கையில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் தடைக்காலம் முழுவதும் காத்திருந்தார்.

அதோடு, சங்க உறுப்பினர் அட்டை, மீனவர் நல வாரிய அட்டை, பயோமெட்ரிக் அடையாள அட்டை ஆகிய மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். நல வாரியம் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. விபத்து, கல்வி போன்ற உதவிகள் அதன் வழியே வருபவை. தடைக்காலப் பணத்துக்கு எங்கள் ஊரில் பார்ப்பது மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் பதிவைத்தான். வாரிய அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடமாக நிவாரணம் எதிர்பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அதேபோல, மழைக்காலத்தில் வரும் 6,000 ரூபாய் வேறு. நாம் 1,500 ரூபாய் கட்ட, அரசுகளின் பங்கு 3,000 சேர்ந்து 4,500-ஆகத் திரும்பும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் வேறு. மனுவில் எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள் என்று, எந்த வருடத்துத் தடைக்காலம் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். "நிவாரணம் வரவில்லை" என்று மட்டும் எழுதிய மனுவுக்கு, "மழைக்கால நிவாரணம் வழங்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்த காகிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது.

சரிபார்ப்பில் நீக்கப்பட்டவர்களுக்குத்தான் வழக்காடும் வேலை அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை, முழுநேரக் கடல் தொழில் இல்லை என்பது போன்ற ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். காரணம் தவறென்றால் மறுப்பதற்குச் சான்று வேண்டும். கூலிக்குப் போகிறவரிடம் படகுப் பதிவும் இருக்காது, கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டும் அவர் பெயரில் இருக்காது. எந்தப் படகில், எந்த ஆண்டிலிருந்து போகிறார் என்று படகு எண்ணைக் குறிப்பிட்டுப் படகு உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கி, ஊர்த் தலைவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி இணையுங்கள். கூலிக்குப் போகிறவர்களிடம் எந்தக் காகிதமும் இருப்பதில்லை என்பதுதான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். கடலில் முழு வாழ்நாளைக் கழித்தவர் தாம் மீனவர்தான் என்று நிரூபிக்க இன்னொருவரின் கையெழுத்துக்காக நிற்கவேண்டியிருக்கிறது.

இப்போது மனுவின் பாதை. முதல் மனு சங்கத்துக்கு அல்ல. உங்கள் பகுதிக்கான மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநருக்கு. சங்கத்துக்கு அதன் நகலை அனுப்பலாம். நேரில் கொடுத்தால் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அவர்கள் தயங்கினால் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்), பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் அனுப்புங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே மனுவுக்குப் பதிவு எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால்தான் பிறகு கேட்க முடியும். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்துக்குக் கூப்பிட்டாலும் பதிவாகும். மீனவர்களுக்கென்று தனியாக நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தையும் விசாரித்து வையுங்கள்; அதில் துறை அலுவலர்கள் எதிரிலேயே இருப்பார்கள்.

எங்களுக்கு உண்மையில் வழி திறந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால். வெள்ளைத் தாளில் மீன்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினேன். மூன்றே கேள்விகள் கேட்டேன்: இந்த ஆண்டுப் பட்டியலில் அப்பாவின் பெயர் உள்ளதா, இருந்தால் எந்தத் தேதியில், எந்தக் கணக்கு எண்ணுக்கும் குறியீட்டுக்கும் பணம் அனுப்பப்பட்டது, திரும்பியிருந்தால் காரணம் என்ன. ஏன் தரவில்லை என்று கேட்டு எழுதாதீர்கள். அதற்கு விளக்கம் வரும், தகவல் வராது. பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் குறையுள்ளதானாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதுவும் பயன்படவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கேட்ட மேல்முறையீடு என்ற சொல்லுக்கு இந்தப் பாதையில்தான் சட்டப்படியான பொருள் இருக்கிறது. எங்களுக்கு இருபத்தாறாம் நாளில் ஒரு பக்கப் பதில் வந்தது. அதில் அந்தப் பழைய குறியீடு தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதைப் புதிய புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்த நிமிடத்தில்தான், நான்கு மாதமாக யார் மீதோ கோபப்பட்டுக்கொண்டிருந்த அப்பா அமைதியானார்.

இவ்வளவுக்கும் பிறகு நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால், இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். ஆகவே மனு உங்கள் பெயரில் இருக்கட்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஐந்நூறு கொடுத்தால் உடனே ஏற்றித் தருகிறேன் என்று வருபவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தடைக்காலப் பணம் நிற்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று கைபேசியில் கேட்பவர்களிடம் ஒரு எண்ணும் சொல்லாதீர்கள்; சொல்லிவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-இல் தொடங்கியபோது தடை 45 நாள். 2017 முதல் 61 நாள், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் 8,000 ஆக உயரும் என்ற அறிவிப்பு, 2023 ஆகஸ்டில் நம் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 131 ரூபாய். மீன் இனம் பெருகுவதற்காகக் கரையில் இருக்கிறோம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பணம் ஏப்ரலிலேயே வந்தால்தான், படகுக்காரரிடம் முன்பணம் வாங்காமல் அடுப்பு எரியும். மே மாதம் கடன் வாங்கிய வீட்டுக்கு ஜூலையில் வரும் 8,000 ரூபாய், கடன் கொடுத்தவருக்குத்தான் போய்ச் சேர்கிறது.

அப்பாவுக்குப் பணம் தை மாதத்தில் ஏறியது. அடுத்த வருடம் பங்குனியிலேயே குடும்ப அட்டை, உறுப்பினர் அட்டை, ஆதார், புதிய வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைச் சங்கத்தில் கொடுத்து, பதிவேட்டில் எங்கள் வரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு வந்தோம். நீங்கள் பட்டியலைப் பார்த்து, மூன்றில் எது என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். மனுவின் வாசகத்தை உங்கள் நிலைக்கு ஏற்றபடி எழுதித் தருகிறேன்.