கோஹா வருகிறது, என் வேலை என்ன ஆகும்?

கேள்வி: கொழும்பில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் கருமபீடத்தில் பணியாற்றுகிறேன். விரைவில் கோஹா எனும் நூலக முகாமை மென்பொருள் நிறுவப்படவுள்ளது. என் வேலை பறிபோகுமா? தமிழ் நூற்பட்டியலை எக்செல் கோப்பாகத் தந்தால் போதும் என்று நிறுவுவோர் சொல்வதை நம்பலாமா?

பதில்: வேலை பறிபோகாது. திகதி முத்திரை குத்துவதும் தாமதக் கட்டணம் கணக்கிடுவதும் நினைவூட்டல் அனுப்புவதும் உங்கள் கையை விட்டுப் போகும்; ஆனால் அந்த நினைவூட்டலைத் தமிழிலும் சிங்களத்திலும் யாராவது எழுதி உள்ளிடாவிட்டால் மாணவருக்கு ஆங்கிலத்தில் மட்டுமே மின்னஞ்சல் போகும் என்பதால், அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

எக்செல் விடயத்தில்தான் எனக்குக் கவலை. நம் அலுவலகங்களின் பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசைகட்டி நிற்கும். அதை அப்படியே ஏற்றினால், கைபேசிகளும் கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்துக்குறி முறையான யுனிகோடில் மாணவர் தேடும்போது ஒரு தமிழ் நூலும் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் ஒரே கட்டத்துக்குள் தமிழ்த் தலைப்போடு பதிப்பகத்தின் ஆங்கிலப் பெயரும் இருந்தால், அந்த ஆங்கிலமும் சேர்ந்து பொருளற்ற தமிழாக மாறிவிடும் என்பதால், இருமொழிக் கட்டங்களை முதலில் பிரித்தெடுத்த பின்னரே மாற்ற வேண்டும். பொறுமை வேண்டிய இந்த வேலையை நூல்களை அறிந்த நீங்கள் செய்வதே நல்லது. மென்பொருளை நிறுவுவோர் செய்யமாட்டார்கள், செய்ததாகப் பற்றுச்சீட்டு மட்டும் தருவார்கள்.

அந்தச் சீட்டில் 'உரிமக் கட்டணம்' என்றொரு வரி இருந்தால் உடனே நூலகரிடம் காட்டுங்கள். நியூசிலாந்தில் உருவாகி 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா ஒரு திறந்த மூல மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணமே கிடையாது. நிறுவுதல், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் கேட்பது நியாயம். நிர்வாகக் கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் இடைத்தரகர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

தமிழ் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், கேள்விமனுவில் தமிழ்த் தேடலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ஆகக் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் கொடுக்கும் கொள்வனவுக் குழுக்களை என்னவென்பது! ஆகவே இறுதிக் கொடுப்பனவுக்கு முன், ஐம்பது தமிழ்ப் பதிவுகளை ஏற்றச் செய்து, நிறுவுவோரின் மடிக்கணினியில் அல்லாமல் ஒரு மாணவரின் கைபேசியில் தேடிப் பாருங்கள்; தலைப்புக் கிடைக்காவிட்டால் அதை எழுத்தில் நூலகருக்கு அறிவியுங்கள்.