சூட்கேஸ் தூக்காத அம்மா

கேள்வி: அக்கா, எங்கம்மாவுக்கு 54 வயசு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு எல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் ஆகுது. போன தடவ செக்கப்புல, உடம்புக்கு என்னென்ன சிரமம் இருக்குன்னு கேக்கற ஒரு ஃபார்ம் குடுத்து டிக் பண்ணச் சொன்னாங்க, அம்மா அத்தனைக்கும் "இல்லவே இல்லை"ன்னு படபடன்னு போட்டுக் குடுத்துட்டு வந்துட்டாங்க. வீட்ல பார்த்தா வலது கையைத் தூக்கித் தலை சீவ முடியல, நான்தான் சீவி விடறேன். இந்த ஃபார்மால என்னதான் பிரயோஜனம்?
– ஒரு மகள், காவேரிப்பட்டணம்

பதில்: ஃபார்ம் மேல தப்பு இல்ல தங்கச்சி. நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா அது ஈஓஆர்டிசிங்கற ஐரோப்பிய அமைப்பு பண்ணினதா இருக்கும், 1993ல வந்தது, 30 கேள்வி. மார்பகப் புற்றுநோய்க்காரங்களுக்குன்னு கூடவே இன்னொரு 23 கேள்வி 1996ல வந்துச்சு. ஸ்கேன்ல கட்டி தெரியும், ஆனா ராத்திரி தூக்கம் வருதா, மனசு சோர்ந்து கெடக்கா, வைத்தியத்தால கையில காசு இல்லாமப் போச்சாங்கறதெல்லாம் ஸ்கேன்ல தெரியாதே, அத வாயால கேட்டாத்தான் உண்டு, அதுக்குத்தான் இது.

முதல் கேள்வியே கனமான பை, சூட்கேஸ் தூக்கறது சிரமமா இருக்கான்னு வரும். நம்ம ஊர் அம்மாங்க எங்க சூட்கேஸ் தூக்கறாங்க? "அதெல்லாம் நான் தூக்கறதே இல்லையே"ன்னு "இல்லவே இல்லை"ல டிக் போட்டுடுவாங்க. கேக்கறது சூட்கேஸப் பத்தி இல்ல, பலத்தப் பத்தி. ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னிக்கு ரெண்டு குடம் இடுப்புல வச்சுக் கொண்டு வர முடியுதா, களி கிண்ட முடியுதான்னு அவங்களே மனசுல நினைச்சுப் பார்த்துட்டு டிக் பண்ணச் சொல்லுங்க.

அடுத்தது, நிறைய கேள்வி "போன ஒரு வாரத்துல"ன்னுதான் கேக்கும். அம்மா கீமோ டைம்ல வாந்தி எடுத்துப் படுத்துக் கெடந்தத நெனச்சு, அதுக்கு இது எவ்வளவோ தேவலன்னு போட்டிருப்பாங்க. எல்லாரும் பண்றதுதான் இது.

நான் வார்டுல நர்ஸா இருந்தப்ப படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டி டிக் வாங்குவேன். பென்னாகரம் பக்கத்துலருந்து ஒரு அம்மா, கூட வீட்டுக்காரர். நான் கேக்கறதுக்கெல்லாம் அவரே "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் சாப்பிடறா"ன்னு பதில் சொல்லிட்டே இருந்தாரு. அவர டீ வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, முதல்லருந்து திரும்பக் கேட்டேன். "ஒரு வாரமா கண்ணு மூடலீங்க"ன்னாங்க. அதனால நீங்களும் பக்கத்துல உக்காராதீங்க, கோவிச்சுக்காதீங்க.

கை விஷயத்துக்கு மட்டும் அடுத்த ஃபார்ம் வரைக்கும் காத்திருக்க வேணாம். அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தா தோள் இறுகிப் போகலாம், கை வீங்கலாம். இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டிட்டு, பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: என் மனைவி இந்த ஃபார்ம்ல எல்லாத்துக்கும் "கொஞ்சம்"னுதான் டிக் பண்ணினா, ஆனா ஒரு இடத்துல 67 மார்க், இன்னொரு இடத்துல 33 போட்டிருக்காங்க. 33ன்னா ஃபெயிலா?
– போச்சம்பள்ளி வாசகர்

பதில்: ஃபெயில் எல்லாம் இல்ல சார், ரெண்டும் ஒரே பதில்தான்! இந்த ஃபார்ம்ல ஒவ்வொண்ணும் 0லருந்து 100க்கு மாத்துவாங்க. நடக்கறது, வேலை செய்யறது மாதிரி விஷயத்துல மார்க் ஏற ஏற நல்லது. வலி, கை வீக்கம் மாதிரி தொந்தரவுல மார்க் ஏறினா தொந்தரவு ஜாஸ்தின்னு அர்த்தம். பை தூக்கறது, நடக்கறது பத்தின அஞ்சு கேள்விக்கும் "கொஞ்சம்"னா அந்தப் பக்கம் 67, கை பத்தின மூணு கேள்விக்கும் "கொஞ்சம்"னா இந்தப் பக்கம் 33. ஒரே ஒரு மார்க்க வச்சு முடிவு பண்ணாதீங்க, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் பத்துக்கு மேல மாறியிருந்தா மட்டும் டாக்டர்கிட்ட ஏன்னு கேளுங்க.

கேள்வி: தாம்பத்தியத்தப் பத்தியெல்லாம் கேட்டிருக்காங்க, கூச்சமா இருக்கு. எழுதியே ஆகணுமா?
– பெயர் வேண்டாம், ஊத்தங்கரை

பதில்: வேணாம்மா. விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க, மத்த பகுதிக்கு மார்க் போட அதால தடை வராது. மனசு வந்தா லேடி டாக்டரோ நர்ஸோ தனியா இருக்கறப்ப வாயால சொல்லுங்க, இந்த வைத்தியத்துல வறட்சி, வலியெல்லாம் வர்றது சகஜம், அதுக்கும் வழி இருக்கு.