குடித்துவிட்டு ஓட்டி உயிரை எடுத்தவருக்கு 6 மாதம்தானா?

கேள்வி: என் அண்ணன் சமையல் மாஸ்டர். 2023 மே மாதம் கானாடுகாத்தானில் கல்யாண வேலை முடித்து இரவு பைக்கில் திரும்பும்போது, அதே கல்யாணத்துக்கு வந்து குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர் மோதி இறந்துவிட்டார். போன வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 6 மாதத் தண்டனை. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஊரே கொதிக்கிறது, மறியல் என்கிறார்கள். பெரியவர்களை வைத்துப் பணமும் பேசுகிறார்கள். தண்டனையைக் கூட்ட முடியாதா? – வாசகி, பள்ளத்தூர்

பதில்: சகோதரி, அவர் வீட்டுக்குப் போனது விடுதலை ஆகி அல்ல. 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை பெற்று, ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னால் தண்டனையை நிறுத்திவைத்து அவகாசம் தருவது சட்டத்திலேயே இருக்கிறது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். மாஜிஸ்திரேட்டே தண்டனை கொடுத்திருக்கிறார் என்றால், போலீஸ் போட்டது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம். அதில் உச்சமே 2 ஆண்டு. 1.7.2024 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டாகிவிட்டது; ஆனால் 2023 விபத்துக்கு அது பொருந்தாது. குடிபோதை வழக்கில் 304(2) போடலாம்; அது உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்த, கொலையாகாத மரணக் குற்றம். மும்பை பாந்திராவில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய 7 பேர் இறந்த வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கே 3 ஆண்டுதான் என்பது வேறு விஷயம். அந்தச் சண்டையைக் குற்றப்பத்திரிகை நேரத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

இப்போது என்ன செய்வது? தண்டனை போதாது என்று பாதிக்கப்பட்டவர் நேரடியாக மேல்முறையீடு செய்ய முடியாது. அது அரசின் உரிமை. அரசு வழக்கறிஞரிடமும் ஆட்சியரிடமும் உடனே மனு கொடுங்கள். கூடவே உங்கள் அண்ணி பெயரில் 90 நாளுக்குள் சீராய்வு மனு, அதாவது தீர்ப்பைச் சரிபார்க்கும்படி மேல் கோர்ட்டைக் கேட்கும் மனு. சிவகங்கை அமர்வு நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இரண்டில் ஒன்றுதான். நான் சிவகங்கை என்பேன்: அவருடைய மேல்முறையீடும் அங்கேதான் வரும், இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம். அவர் மேல்முறையீட்டில் மட்டும் தண்டனையைக் கூட்ட முடியாது. ஆகவே உங்கள் மனு இல்லாவிட்டால் அது குறையலாமே தவிர ஏறாது.

வழக்குக் கட்டில் முதலில் ரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தேடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்ததாக அதில் இருந்து, தீர்ப்பு அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் அதுவே உங்கள் பலம். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ‘மது வாடை’ என்று மட்டும் எழுதி விட்டிருந்தால் கஷ்டம்தான். பல வழக்குகள் அந்த இரவிலேயே, ரத்தம் எடுக்காமல் விட்டதிலேயே தோற்றுவிடுகின்றன.

பணப் பேச்சுக்கு வருவோம். 304ஏ சமரசம் செய்யக்கூடிய குற்றமல்ல. பஞ்சாப் வழக்கொன்றில், நஷ்டஈடு கொடுத்ததைக் காட்டி 24 நாளாகக் குறைத்த தண்டனையை 2015-ல் உச்ச நீதிமன்றம் 6 மாதமாக்கியது. ஆகவே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு தனி; இந்தத் தண்டனை குறைவு என்பதால் அதில் தொகை குறையாது.

மறியல் செய்தால் உங்கள் பிள்ளைகள் மேல்தான் வழக்கு விழும். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நாளைக்கே மனுப் போடுங்கள். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.