"சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கேள்வி:
மேடம், வணக்கம். ஈரோட்டில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன், வயது 44. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். சாயங்காலமானால் ஸ்கூல் கதையை ஆரம்பிப்பாள். லீவு போட்டவரின் பீரியடையும் தன் தலையில் கட்டிவிட்டார்கள், எல்லார் எதிரிலும் ஹெச்.எம். ஏதோ சொல்லிவிட்டார் என்று. நானும் கேட்டுவிட்டு, எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஸ்கூல் பார் என்று வழி சொல்வேன். உடனே, "உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று எழுந்து போய்விடுகிறாள். அப்புறம் அக்காவுக்கு போன் போட்டு அதே கதையை ஒரு மணி நேரம் பேசுகிறாள். அந்த அக்கா ஒரு யோசனையும் சொல்வதில்லை! நானோ, அவள் பேசியதை வரி மாறாமல் திருப்பிச் சொல்வேன். நான் கேட்கவே இல்லை என்றால் எப்படி?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:
வரி மாறாமல் சொல்வீர்கள், நம்புகிறேன். ஆனால் அவர் ஆரம்பித்து எவ்வளவு நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள் என்று எழுதவில்லையே!

1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர், நோயாளிகள் டாக்டரிடம் பேசிய 74 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பதினெட்டே விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம்தான். முதலில் வாயில் வருவதுதான் பெரிய குறை என்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் பேச்சு பீரியடில் ஆரம்பிக்கிறது, வலி ஹெச்.எம். எல்லார் எதிரிலும் பேசியதில் இருக்கலாம், அவர் அங்கே வந்து சேர்வதற்குள் நீங்கள் ராஜினாமா வரைக்கும் போய்விடுகிறீர்கள். பட்டறையில் "ஸ்டார்ட் ஆகல" என்றதும் பிளக்கைக் கழற்றுவது சரி. வண்டிக்காரர் அதற்குத்தானே வந்தார்?

அக்கா யோசனை சொல்வதில்லை என்கிறீர்களே, போன் அங்கே போவதே அதனால்தான். "ஐயோ, எல்லார் முன்னாடியுமா? நீ என்ன சொன்னே?" இவ்வளவுதான் கேட்டிருப்பார்.

நீங்களும் கல்லாக் கணக்கையும் போனையும் ஒதுக்கி வைத்துவிட்டு உம் கொட்டிப் பாருங்கள். அவர் பேச்சை நிறுத்தியதும் புகுந்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்தால் பல சமயம் அசல் விஷயம் அதற்கப்புறம்தான் வரும். கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர், கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு முக்கியத்துவம் கொடுத்தவர்தான். ஆனால் அது உங்களைப் போல வரி மாறாமல் ஒப்பிப்பது இல்லை, உள்ளே இருக்கும் உணர்வைப் பிடிப்பது. "எல்லார் எதிர்லயும் சொன்னதுதான் கஷ்டமா இருந்துச்சா?" ஊகம் தப்பானாலும் பரவாயில்லை, அவரே திருத்துவார். "அந்த ஹெச்.எம். பக்கமும் நியாயம் இருக்கலாம்" என்ற பஞ்சாயத்து மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

அசதியாக இருந்தால், "குளிச்சுட்டு வந்துடறேன், அப்புறம் சொல்லு" என்று சொல்லிவிடலாம், கேட்பது போல நடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். சொன்னபடி வந்து உட்காரவும் வேண்டும். யோசனை தேவைப்பட்டால் அவரே கேட்பார். அன்றைக்கும் ஒன்று சொன்னால் போதும், மூன்று வேண்டாம்.