அம்மா ரிப்போர்ட்ல "சென்ப்-பி பாசிட்டிவ்"னு இருக்கு, இது கேன்சரா சார்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்தாலே விரல் நுனி வெள்ளையா போயி அப்புறம் நீலமாயிடுது. டாக்டர் ஏஎன்ஏ ப்ரொஃபைல்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எல்லாம் நெகட்டிவ், சென்ப்-பி மட்டும் மூணு ப்ளஸ். நெட்ல தேடுனா சென்ட்ரோமியர் புரோட்டீன் ஜீன், கேன்சர், அதிகமா இருந்தா ஆயுள் கம்மின்னே வருது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல சார். (பேர் போட வேண்டாம்)

பதில்: இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிடுங்கம்மா, ஏன்னா நீங்க நெட்ல படிச்சது வேற, அம்மா ரிப்போர்ட்ல இருக்கறது வேற. அந்த டெஸ்ட் ஜீனையே பாக்கறதில்ல. நம்ம உடம்பு தன்னோட சொந்த சென்ப்-பி புரோட்டீனையே எதிரின்னு நினைச்சு ஆன்டிபாடி தயார் பண்ணிருக்கா, அது ரத்தத்துல சுத்துதான்னு மட்டும்தான் பாக்குது. மூணு ப்ளஸ்னா அந்த ஆன்டிபாடி நல்லா இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான், ஜீன் ஏறிடுச்சுன்னோ கெட்டுடுச்சுன்னோ அதுல ஒண்ணும் இல்ல.

ஆனா விட்டுடவும் கூடாது. விரல் நிறம் மாறுறதும் இந்த ஆன்டிபாடியும் சேர்ந்து வந்தா லிமிடெட் ஸ்க்லீரோடெர்மாங்கற தோல் இறுகற நோய் பக்கம் யோசிப்பாங்க, அதனால அதுக்கான டாக்டர் ரூமட்டாலஜிஸ்ட்ட காட்டணும். விரல் தோல் இறுகுதா, நெஞ்செரிச்சல் இருக்கா, கண்ணு வாய் காய்ஞ்சு போகுதான்னு கேப்பாங்க, நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் ஏறுதான்னு பாக்க எக்கோ எடுக்கச் சொல்வாங்க, அதை தள்ளிப்போடாதீங்க. ஸ்க்லீரோடெர்மாவுல கேன்சர் இருக்கான்னு டாக்டருங்க கூடுதலா உஷாரா தேடறது ஆர்என்ஏ பாலிமரேஸ் 3ங்கற வேற ஒரு ஆன்டிபாடி பாசிட்டிவா வந்தா. உங்க அம்மாவுக்கு வந்திருக்கறது அது இல்ல.

நெட்ல வர்ற கேன்சர் ஜீனும் அம்மா ரிப்போர்ட்ல இருக்கற ஆன்டிபாடியும் ஏன் ஒரே பேர்ல இருக்குன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. 1980ல எங் டான்ங்கற விஞ்ஞானியோட குழு ஸ்க்லீரோடெர்மா நோயாளிங்க ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி குரோமோசோமோட சென்ட்ரோமியர்ல, அதாவது செல் பிரியும்போது குரோமோசோமை பிடிச்சு இழுக்கற இடத்துல, போயி ஒட்டுறத கண்டுபிடிச்சாங்க. அந்த ரத்தத்தையே தூண்டில் மாதிரி வச்சு 1985ல வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் மூணு புரோட்டீனைப் பிடிச்சாங்க, 17, 80, 140 கிலோடால்டன் (புரோட்டீனோட எடைக் கணக்கு), எடை வரிசையில ஏ, பி, சின்னு பேர் வச்சாச்சு. கேன்சர் ஆராய்ச்சில இன்னிக்கு பேசற சென்ப்-ஏ அந்த 17 கிலோடால்டன் குட்டிதான். அதாவது உங்க அம்மா மாதிரி விரல் நீலமான ஆளுங்க குடுத்த ரத்தத்துலதான் இந்த மொத்த ஆராய்ச்சியும் ஆரம்பிச்சுது.

கேள்வி: சென்ப்-ஏ அதிகமானா கேன்சர் வருமா, இல்ல கேன்சர் வந்ததால சென்ப்-ஏ அதிகமாகுதா? எங்க புரொபசர்கிட்ட கேட்டா ரெண்டும்தான்னு சொல்லிட்டு போயிட்டாரு. (பயோடெக் மாணவர்)

பதில்: புரொபசர் தப்பா சொல்லல தம்பி, விளக்கத்தான் இல்ல.

டிஎன்ஏ எங்கயும் ஹிஸ்டோன் புரோட்டீன் மேலதான் சுத்திருக்கும். சென்ட்ரோமியர்ல மட்டும் ஹிஸ்டோன் எச்3க்கு பதிலா பல இடத்துல சென்ப்-ஏ உக்காந்திருக்கும். அது உக்காந்த இடத்துலதான் கைனடோகோர்ங்கற பிடி கட்டப்படும், செல் பிரியும்போது அதுலதான் ரெண்டு பக்கத்துல இருந்தும் மைக்ரோட்யூபுங்கற கயிறு மாதிரி இழைங்க வந்து பிடிச்சு இழுக்கும். மனுஷ செல்லுல எந்த இடம் சென்ட்ரோமியர்னு முடிவு பண்றது டிஎன்ஏ எழுத்து இல்ல, பெரும்பாலும் இந்த புரோட்டீன் எங்க உக்காந்திருக்குங்கறதுதான். அதனால அளவும் இடமும் ரொம்ப முக்கியம். எச்ஜேயுஆர்பின்னு ஒரு துணை புரோட்டீன் இருக்கு, செல் பிரிஞ்சு முடிஞ்ச உடனே புது சென்ப்-ஏவ கொண்டுபோய் சரியான இடத்துல வச்சுட்டு வரும்.

2003ல ஜப்பான் சிபா யுனிவர்சிட்டில தொமொனாகா குழு பெருங்குடல் கேன்சர் திசுவ பாத்தப்ப சென்ப்-ஏ ஓவரா இருந்துச்சு, அதோட இருக்கக்கூடாத இடத்துலயும் இருந்துச்சு. 2014ல அதுக்கு காரணம் கொஞ்சம் புரிஞ்சுது. சென்ப்-ஏ ரொம்ப பெருகிட்டா டாக்ஸ்ங்கற வேற ஒரு துணை புரோட்டீன், இது வழக்கமா எச்3.3ங்கற ஹிஸ்டோனை தூக்கற ஆளு, சென்ப்-ஏவையும் தூக்கிட்டுப் போயி குரோமோசோம் கைப்பக்கமெல்லாம் வச்சுடுது. அப்ப சென்ட்ரோமியர்ல இருக்க வேண்டிய மத்த புரோட்டீனும் சிதறிடும், பிடி தளரும், பிரியும்போது ஒரு குரோமோசோம் பின்தங்கி தப்பான பக்கம் போயிடும். சாலிட் ட்யூமர்ல பத்துக்கு ஒன்பதுல குரோமோசோம் கணக்கு தப்பாத்தான் இருக்கும். கணக்கு தப்பினாத்தான் புத்துநோய்னு தியோடர் போவெரி 1914லயே எழுதிட்டாரு, கடல் அர்ச்சின் முட்டைய பாத்துட்டு. அப்ப மனுஷனுக்கு எத்தனை குரோமோசோம்னே சரியா தெரியாது, 46ன்னு உறுதியானதே 1956ல.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேகமா பிரியற எந்த செல்லுக்கும் சென்ப்-ஏ நிறைய தேவைப்படும், அதனால கேன்சர்ல அது ஏறி இருக்கறது வெறும் வேகத்தோட அடையாளமாவும் இருக்கலாம். மார்பகக் கேன்சர் திரும்ப வருமான்னு கணிக்கற மம்மாபிரிண்ட் டெஸ்ட்ல இருக்கற 70 ஜீன்ல சென்ப்-ஏவும் ஒண்ணு, பாம்50ங்கற இன்னொரு மார்பகக் கேன்சர் ஜீன் டெஸ்ட்ல சென்ப்-எஃப். ரெண்டு லிஸ்ட்லயும் செல் எவ்ளோ வேகமா பிரியுதுன்னு அளக்கற ஜீனுங்க நிறைய இருக்கு. ஒரு ஜீன் அந்த லிஸ்ட்ல இருக்குங்கறதுக்காக அதுதான் கேன்சரை உண்டாக்குச்சுன்னு சொல்லிட முடியாது, நம்ம ஊரு ஹெல்த் வீடியோக்காரங்க இத பிரிச்சுப் பாக்கறதே இல்ல. இதுல கேன்சரை தடுக்கற பி53ங்கற புரோட்டீனும் வருது. நல்ல செல்லுல பி53 சென்ப்-ஏவ அடக்கி வைக்கும், பி53 போயிட்டா சென்ப்-ஏ ஏறும், அப்புறம் அந்த கெட்ட செல்லே அதிக சென்ப்-ஏவ நம்பித்தான் ஓடும். விளைவா வந்தது பின்னாடி தேவையாவும் ஆயிடுது.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி சென்ப்-ஏ பத்தினதே இல்ல, சென்ப்-ஈ. இது கைனடோகோர்ல உக்காந்து குரோமோசோமை நடுவுக்கு நகத்தற மோட்டார் புரோட்டீன். 2007ல டான் கிளீவ்லாண்ட் லேப்ல பெத் வீவர் எலியில சென்ப்-ஈ ஜீனோட ரெண்டு காப்பில ஒண்ணை எடுத்துட்டாங்க. குரோமோசோம் கணக்கு அடிக்கடி தப்பும், சரி. வயசான எலிங்களுக்கு மண்ணீரல்ல லிம்ஃபோமாவும் நுரையீரல்ல கட்டியும் கூடுதலா வந்துச்சு, போவெரி சொன்னபடி. ஆனா அதே எலிங்களுக்கு கல்லீரல் கட்டி குறைஞ்சுது! ஏற்கனவே கேன்சர் வர்ற மாதிரி ஆர்ஃப் ஜீனை எடுத்த எலிங்களுக்கு இதையும் சேத்து பண்ணா, அதுங்க இன்னும் அதிக நாள் வாழ்ந்துச்சு. 2013ல அதே லேப் சொன்னது, தப்பு எவ்ளோ அடிக்கடி நடக்குதுங்கறத பொறுத்துதான் இது வளக்குமா கொல்லுமான்னு முடிவாகும். கொஞ்சம் தப்புனா கட்டிக்கு விதவிதமான செல் கிடைக்குது, ரொம்ப தப்புனா அந்த செல்லே பொழைக்க முடியாம செத்துடுது. சென்ப் ஜீன் கெட்டதா நல்லதான்னு கேட்டா பதில் வராது, எந்த திசு, எவ்ளோ தப்பு, பி53 இருக்கா இல்லயான்னு கேக்கணும்.

கேள்வி: பரம்பரையா மார்பகக் கேன்சர் வர்ற பிஆர்சிஏ ஜீன் மாதிரி இந்த சென்ப் ஜீனுக்கும் குடும்பத்துல எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: வேண்டாம். கேன்சர்ல நடக்கறது இந்த ஜீனை அந்த கட்டி ஓவரா வேலை வாங்கறது, அது பரம்பரையா இறங்கி வர்ற கோளாறு இல்ல. குரோமோசோம் பிரிக்கறதுல பிறவிலயே கோளாறு இருந்து சின்னக் குழந்தைக்கு கேன்சர் வர்றது உண்டு, பியுபி1பி ஜீன் கெட்டு வர்ற மொசைக் வேரிகேட்டட் அனியூப்ளாய்டிங்கற நோய், ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுக்கு அறிகுறியே வேற.

கேள்வி: என் மனைவிக்கு மார்பகக் கேன்சர், பாக்லிடாக்சல் கீமோ ஓடிட்டிருக்கு. சென்ப்-ஈய தடுக்கற மாத்திரை வந்துடுச்சுன்னு ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணாரு. அது இதவிட நல்லதா?

பதில்: அந்த மெசேஜ் பழைய கதையோட பாதி சார். சென்ப்-ஈய தடுக்கற ஜிஎஸ்கே923295ங்கற மருந்தை மனுஷங்களுக்கு குடுத்து பாத்தது 2012லயே வெளிவந்துடுச்சு. மாத்திரையும் இல்ல, நரம்பு வழியா ஏத்தறது. 39 பேருக்கு குடுத்தாங்க, கட்டி குறிப்பிடற அளவுக்கு சுருங்குனது ஒருத்தருக்குத்தான். லேப் டிஷ்ல செல் வேகமா பிரியும், அந்த நேரத்துல மருந்து பிடிச்சுடும். ஆளோட உடம்புல கட்டி செல் அவ்ளோ அவசரமா பிரியறதில்ல, மருந்து ரத்தத்துல இருக்கற நேரத்துல பிரிஞ்சாத்தானே சிக்கும். இன்னிக்கு வரைக்கும் எந்த நாட்டுலயும் கேன்சருக்கு சென்ப்-ஈ மருந்து வழக்கமான சிகிச்சைக்கு வரல.

பாக்லிடாக்சல் விஷயம் இன்னும் சுவாரசியம். அது செல் பிரியறத பாதியில நிறுத்தி கொல்லுதுன்னுதான் ரொம்ப காலமா பாடம் எடுத்தாங்க. மேல சொன்னேனே பெத் வீவர், அவங்க குழு 2014ல நோயாளிங்க மார்பகக் கட்டியில நேரா அளந்து பாத்தப்ப, அங்க போய்ச் சேர்ற மருந்து செல் பிரியறத நிறுத்தற அளவுக்கே இல்ல. செல் பிரியுது, ஆனா ரெண்டு பக்கமா பிரிய வேண்டியது மூணு நாலு பக்கமா பிரியுது, குரோமோசோம் கணக்கு கன்னாபின்னான்னு தப்பி அந்த செல்லுங்க செத்துடுது. பயோடெக் தம்பிக்கு எழுதுன ரொம்ப தப்புனா செத்துடும்ங்கறதுதான் உங்க மனைவிக்கு ஓடற ட்ரிப்லயும் நடக்குது. அத நிறுத்திட்டு ஃபார்வர்ட பாத்து வேற எதுக்கும் மாறாதீங்க, கை கால் மரத்துப்போச்சுன்னா அடுத்த சைக்கிளுக்கு முன்னாடி ஆன்காலஜிஸ்ட்ட சொல்லுங்க, டோஸ் பாத்து மாத்துவாங்க.