முழு வான்கோழி பொரிக்க எந்த எண்ணெயை வாங்குவது?

கேள்வி: கனடாவிலிருந்து நத்தாருக்கு வரும் என் மகன், வீட்டில் வளர்த்த வான்கோழியை அங்கு செய்வதைப் போல முழுதாக எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்கிறான். அதற்குக் கச்சான் எண்ணெய்தான் சரி என்றும் சொல்கிறான். இங்கே செக்கில் ஆட்டிய கச்சான் எண்ணெய் சொல்லிவைத்தால் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். தேங்காய் எண்ணெய் போதாதா? எவ்வளவு வாங்க வேண்டும்? விறகடுப்பில் செய்யலாமா?
(வாசகி, உருத்திரபுரம், கிளிநொச்சி)

பதில்: உங்கள் மகன் சொல்லும் கச்சான் எண்ணெயும் நீங்கள் வாங்க நினைக்கும் கச்சான் எண்ணெயும் ஒன்றல்ல. முழு வான்கோழியைப் பொரிக்கும் வழக்கம் அமெரிக்காவின் தென்பகுதியில், குறிப்பாக லூசியானாவில் வேரூன்றியது. அங்கு அதற்குப் பயன்படுத்துவது சுத்திகரிக்கப்பட்ட கச்சான் எண்ணெய். அது ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில்தான் புகையத் தொடங்கும். செக்கில் ஆட்டிச் சுத்திகரிக்காமல் விற்கும் எண்ணெயோ 160 பாகையளவிலேயே புகைந்துவிடும். வான்கோழி பொரிய வேண்டிய வெப்பம் 175 பாகை என்பதால், கூடுதல் பணம் கொடுத்து இந்த வேலைக்குப் பொருந்தாத எண்ணெயை வாங்கியவராவீர்கள். முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்காமல் ஏ9 வீதியைக் கடக்க மனம் வராத நமக்கு இதைச் சொல்லச் சற்றுக் கடினம்தான். ஆனால் செக்கு எண்ணெயின் மணமும் சுவையும் தாளிதத்துக்கும் குழம்புக்கும் உரியவை. விருந்துக்கு வருபவர்களில் யாருக்காவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கச்சான் ஒவ்வாமை உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆலையில் ஆட்டிய சாதாரணத் தேங்காய் எண்ணெய் சுமார் 175 பாகையில் புகையும். அதாவது பொரிக்கும் வெப்பமும் புகையும் வெப்பமும் ஒன்றாகிவிடுகின்றன. தீ சிறிது கூடினாலும் தப்ப இடமில்லை. நல்லெண்ணெய்க்கும் இதே குறை உண்டு. ஆகவே எண்ணெயின் பெயரைவிட, அது சுத்திகரிக்கப்பட்டதா என்பதையே முதலில் பாருங்கள். சுத்திகரித்த பாம் எண்ணெய், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகிய மூன்றும் ஏறக்குறைய 225 பாகை வரை தாங்கும். ஒருமுறை பொரிப்பதற்கு இவற்றில் லீற்றருக்கு விலை குறைந்ததை, முத்திரை உடையாத கொள்கலனில் வாங்கினால் போதும். நான் வாங்குவதானால் பாம் எண்ணெயை எடுப்பேன்; நீண்ட நேரக் கொதிப்பில் சூரியகாந்தி எண்ணெயைவிட அது மெதுவாகவே கெடும். எண்ணெய் குறைந்துவிட்டதென்று வேறு எண்ணெயோடு தேங்காய் எண்ணெயைக் கலக்காதீர்கள், நுரைத்துப் பொங்கும்.

அளவைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம், பானையிடம் கேளுங்கள். துப்புரவாக்கிய கோழியைப் பானைக்குள் வைத்து, அது மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பின்னர் கோழியைத் தூக்கி, உள்ளே புகுந்த நீரையும் பானைக்கே வடியவிட்டு, மீதியை அளந்தால் அதுவே வேண்டிய எண்ணெயின் அளவு. கோழி உள்ளே இருக்கும்போது நீர்மட்டத்துக்கும் பானை விளிம்புக்கும் இடையில் 10 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். இல்லையெனில் அந்தப் பானை சிறிது. நான்கு, ஐந்து கிலோ கோழிக்கு ஒடுங்கிய உயரமான பானையில் 10 முதல் 12 லீற்றர் வரை பிடிக்கும். அகன்ற கிடாரத்தில் அதைவிட அதிகம் செல்லும், தாச்சியில் முழுக்கோழி மூழ்கவே மூழ்காது. நம் கடைகளில் ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீற்றர்; 12 லீற்றருக்கு 16 போத்தல்கள் வேண்டும். கிலோ கணக்கில் விற்றால், ஒரு லீற்றர் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான் என்பதை நினைவில் வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

விறகடுப்பில் செய்ய வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோழியை எண்ணெயில் இறக்கும் நேரத்தில் தீயை முற்றாக அணைத்துவிட்டு, எண்ணெய் பொங்கி அடங்கிய பிறகே மீண்டும் பற்றவைக்க வேண்டும் என்பது இந்தச் சமையலின் முதல் விதி. எரியும் விறகை அப்படி ஒரு நொடியில் அணைக்க முடியாது. பொங்கி வழியும் எண்ணெய் நேரே தணலில்தான் விழும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவதால், கோழியின் வயிற்றுக்குள் தங்கிய சிறிது நீரே இத்தனை எண்ணெயையும் வெளியே தள்ளப் போதுமானது. கழுவிய கோழியைத் தொங்கவிட்டு நீர் வடியச் செய்து, உள்ளும் புறமும் துணியால் ஒற்றி எடுங்கள். உறைகுளிரில் வைத்த கோழியானால், இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் வீதம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி முழுவதும் இளகவிட வேண்டும். மார்கழியில் வன்னியில் மாரிமழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. திறந்த வெளியில் வைத்தால் மழை எண்ணெயில் விழும், மழைக்கு ஒதுங்கிக் கிடுகுக் கொட்டிலுக்குள் போனால் கூரை பற்றும். மழையற்ற நாளில், வீட்டிலிருந்து விலகிய சமதரையில், கலியாணச் சமையலுக்கு வாடகைக்குக் கிடைக்கும் பெரிய எரிவாயு அடுப்பில், எண்ணெய்க்குள் வைக்கும் வெப்பமானியோடு மட்டுமே செய்யலாம். கிலோவுக்கு ஏழு, எட்டு நிமிடங்கள் பொரித்து, தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் அளக்கும்போது 74 பாகை காட்ட வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் எரிவாயுவை நிறுத்தி இரும்பு மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

இவற்றில் ஒன்று குறைந்தாலும், கோழியைத் துண்டுகளாக்கி, தாச்சியில் இரண்டு மூன்று லீற்றர் எண்ணெயில் சிறிது சிறிதாகப் பொரியுங்கள். எண்ணெய்ச் செலவு நான்கில் ஒன்றாகும், மசாலாவும் நன்றாகச் சுவறும்.

கேள்வி: பெரிய அளவில் வாங்குவதால், பெயர்ச்சீட்டு இல்லாத எண்ணெயை மலிவாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகர், முள்ளியவளை)

பதில்: வேண்டாம். 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்னும் பூஞ்சை நச்சு கண்டறியப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பெயர்ச்சீட்டு இல்லாத எண்ணெய் எங்கிருந்து வந்தது, ஏற்கெனவே பொரித்ததா என்பதைப் பார்வையால் அறிய முடியாது. உற்பத்தியாளர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உயர்ந்தபட்ச சில்லறை விலை ஆகியவற்றைப் பார்த்து வாங்கி, பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. குறித்த விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கலப்படச் சந்தேகம் இருந்தால் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மீதி எண்ணெயையும் பற்றுச்சீட்டையும் கொண்டு செல்லுங்கள்.